உடற் பாரமும் உளப் பாரமும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தமிழகத்தின் எல்லைக்குச் சற்று முன்னதாக அமைந்திருப்பது கும்மிடிப்பூண்டி. ஒரு காலத்தில் ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த நாட்டுப்புறமாக இருந்த அப்பகுதி, சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இரும்பாலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இரசாயன ஆலைகளும் நிறைந்த இடமாக மாறிற்று. இரவு முறை வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளரை இறக்கிவிடும் பேருந்துகளை, சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும்போது நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறு இறங்கி வருபவர்களுள், இருபதாண்டுகளுக்கு முன் நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவரும் உண்டு.

சிறு பிராயத்திலிருந்தே அவர் பருத்த உடலினர். வயது ஏற ஏற உடலும் ஏறிற்று. சில ஆண்டுகளாக அவர் கலியாண விருந்துகளுக்கு வருவதில்லை. ஜும்ஆவுக்கு வந்தாலும் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எவரோடும் பேசாமல் வெளியேறிவிடுவார். ஒரு நாள் விடியற்காலை, தொழுகை முடிந்து அனைவரும் கலைந்தபின், பள்ளிவாசல் திண்ணையில் நம்மருகே வந்து அமர்ந்தார்.

“ஹஜ்ரத், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மனம் வருந்தக் கூடாது” என்று தொடங்கினார். “எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஓதும்போது தவறினேன் என்று நீங்கள் என்னை ‘அரிசி மூட்டை’ என்றீர்கள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் அன்றைக்கே மறந்திருப்பீர்கள். அந்தப் பெயர் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.”

நமக்கு நா எழவில்லை. அவரே மேலும் சொன்னார். வேலை செய்யுமிடத்திலும் அதே ஏளனம். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் அதே பெருமூச்சு. உறங்க முடியாத பகற்பொழுதுகளில் பசியின்றியே உண்பது. உண்டபின் தம்மையே வெறுப்பது. வாழ்க்கையே கசந்துபோன ஓரிரவில், ஆலையின் உணவுக் கூடத்துக்குப் பின்புறம் நின்று, சுவரொட்டியொன்றில் கண்ட 14416 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினாராம். “பேசிய அம்மா என் எடையைக் கேட்கவே இல்லை, ஹஜ்ரத். ‘சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று, தம்பி?’ என்றுதான் கேட்டார். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.”

முகம் தெரியாத ஒருவரின் குரல், நாம் இருபதாண்டுகளில் செய்யத் தவறியதைச் சில நிமிடங்களில் செய்திருக்கிறது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? உடல் பருத்தோரின் உள்ளத்தை மருத்துவ உலகம் எப்போது கருத்தில் கொண்டது? நம் மண்ணில் அந்த ஆறுதல் வந்து சேர ஏன் இத்துணைக் காலம் பிடித்தது? இவற்றை அறிந்துகொள்ளும் ஆவல் நம்மைச் சில நூல்களைப் புரட்டச் செய்தது. அவ்வாறு தெரிந்துகொண்டதையே ஈண்டு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முன்னோர் கண்ட உண்மை

உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பது இன்று நேற்றுக் கண்ட செய்தியன்று. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தார். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்று அவர் ஒரு நூல் செய்தார். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்பது அப்பெயரின் பொருள். நூலின் முற்பகுதி உணவு, உறக்கம், உடற்பயிற்சி முதலியவற்றை ஆராய்கிறது. பிற்பகுதி சினம், அச்சம், துயரம், ஓயாது வந்து அலைக்கழிக்கும் எண்ணங்களாகிய வஸ்வாஸ் ஆகிய நான்கையும் நோய்களாக வகுத்து அவற்றுக்குப் பரிகாரம் கூறுகிறது. உடல் நோயுற்றால் உள்ளம் வாடும். உள்ளம் நோயுற்றால் உடல் நலியும். ஆதலால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மட்டும் மருந்திடுவது போதாது என்பது அவர் கொள்கை. வஸ்வாஸால் துன்புறுவோர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று. இஸ்தன்பூல் நகரின் ஆயா ஸோஃபியா நூற்சேகரத்தில் கிடந்த இந்நூலின் கைப்பிரதி, பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் அவர்களின் முயற்சியால் 1984இல் பட அச்சாக வெளியிடப்பட்டது.

அல்பல்கீக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் மிகையான உடற்பருமனைத் தனியே எடுத்துப் பேசுகிறார். அது உடலின் அசைவைக் கட்டிப்போடும், மூச்சைத் திணறச் செய்யும், திடீர் மரணத்துக்கும் வழிகோலும் என்று எச்சரிக்கிறார். மருத்துவர் பேச வேண்டிய நோயாக அவர் அதைக் கண்டார். ஊரார் நகைக்க வேண்டிய கோலமாகக் காணவில்லை.

இவ்விருவர் காலத்துக்கும் இடையே ஸ்பெயின் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் கருத்தை மிகவும் கவர்ந்தது. வடக்கே லியோன் நாட்டை ஆண்ட முதலாம் ஸாஞ்சோ என்னும் கிறிஸ்தவ மன்னர் அளவிறந்த பருமன் உடையவர். ‘பருத்தவன்’ என்னும் பட்டப்பெயரே வரலாற்றில் அவருக்கு நிலைத்துவிட்டது. குதிரை ஏறவும் இயலாத மன்னர் நமக்கெதற்கு என்று பிரபுக்கள் ஏளனம் பேசி, கி.பி. 958இல் அவரை அரியணையிலிருந்து இறக்கினர். அவருடைய பாட்டியார் தோதா என்னும் நவார் நாட்டு அரசி, தம் நெடுநாளையப் பகைவரான குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம் உதவி வேண்டினார். கலீஃபாவின் அவையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூத மருத்துவர் இருந்தார். கலீஃபா அவரையே பாம்ப்லோனா நகருக்கு அனுப்பினார். பின்னர் பேரனும் பாட்டியும் குர்துபா வந்து தங்க, அங்கே சிகிச்சை நடந்தது. ஸாஞ்சோ உடல் மெலிந்து, கலீஃபாவின் படைத்துணையோடு 960ஆம் ஆண்டளவில் தம் அரியணையை மீட்டுக்கொண்டார்.

இதில் அரசியல் பேரம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. உதவிக்கு விலையாகக் கோட்டைகள் கேட்கப்பட்டன. ஆயினும் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். ஏளனத்தால் எல்லாவற்றையும் இழந்தவர் தாமாக மருத்துவரைத் தேடி வருவதற்கு முன்னர், மருத்துவர் அவர் இருந்த இடம் தேடிச் சென்றார். முஸ்லிம் கலீஃபா அனுப்பினார். யூத மருத்துவர் சென்றார். கிறிஸ்தவ மன்னர் நலம் பெற்றார். கும்மிடிப்பூண்டி ஆலையின் பின்புறத்தில் நின்ற நம் மாணவரை ஒரு குரல் தேடி வந்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பஞ்சத்திலிருந்து பருமனுக்கு

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இந்த மாவட்டத்து முதியோருக்குத் தம் முன்னோர் வழியாக வந்த நினைவு பருமனைப் பற்றியதன்று, பசியைப் பற்றியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. எண்ணூரையும் பழவேற்காட்டையும் தொட்டுச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயின் சென்னைப் பகுதி, அக்காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாய் மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சதைப்பிடிப்பு செல்வத்தின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ‘பூசினாற்போன்ற உடம்பு’ என்று நம் பாட்டிமார் சொன்னது புகழுரை. விருந்தாளியின் இலையில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று பரிமாறுவது பண்பாடு. பசியை அறிந்த சமுதாயத்தின் அன்பு அது.

ஆனால் காலம் மாறிற்று. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பட்டினியை விரட்டிய பெரும் நன்மை அது. அதே காலத்தில் உடலுழைப்புக் குறைந்தது. எண்ணெயும் இனிப்பும் மலிந்தன. தொழிற்பேட்டைகளில் இரவே பகலாயிற்று. உறங்க வேண்டிய நேரத்தில் விழித்து, விழிக்க வேண்டிய நேரத்தில் உறங்க முயல்பவரின் உடலில் பசியை அடக்கும் சுரப்புகளும் பசியைத் தூண்டும் சுரப்புகளும் நிலைதடுமாறுகின்றன. நள்ளிரவில் பரோட்டா உண்பவரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது. அந்த நள்ளிரவில் அவரை விழித்திருக்க வைத்தது எது என்று கேட்பதே நியாயம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. ஆண்களில் இது 28.2இலிருந்து 37.0 ஆக உயர்ந்தது. உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 25 அல்லது அதற்கு மேலிருப்போரே இக்கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள். ஐந்தாறு ஆண்டுகளில் இப்படி ஏறியது என்றால், இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனவுறுதி குன்றிவிட்டது என்றா கொள்வது? வாழும் முறையும் உண்ணும் பொருளும் மாறிவிட்டன என்பதே பொருந்தும் விடை. பிறவி வழி வரும் உடற்கூறும் இதில் பெரும் பங்கு கொள்கிறது. உடலின் கொழுப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் என்னும் சுரப்பு 1994இல் கண்டறியப்பட்டபின், பசி என்பது வெறும் ஆசையன்று, இரத்தத்தில் ஓடும் கட்டளை என்பது தெளிவாயிற்று.

உள்ளத்தின் செய்தியும் இதனோடு பின்னியே வருகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 58,000க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பருத்த உடலினருக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதல். மனச்சோர்வு நோய் உடையோருக்குப் பின்னாளில் உடல் பருக்கும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. அல்பல்கீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்ன இருவழிப் பாதையை இங்கே எண்களாகக் காண்கிறோம்.

2013இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குரியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்காண்டுகள் கவனித்த அந்த ஆய்வில், தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதிருந்தவர்களுள், எடையைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டோர் பின்னர்ப் பருமனடையும் வாய்ப்பு, அவ்வாறு இழிவுபடுத்தப்படாதோரைக் காட்டிலும் சுமார் இரண்டரை மடங்கு எனத் தெரிந்தது. ‘நாலு வார்த்தை சுடச்சுடச் சொன்னால்தான் உறைக்கும்’ என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. அந்தச் சுடுசொல் கொழுப்பைக் கரைக்கவில்லை; கூட்டிற்று.

இரண்டு ஏளனங்கள்

அப்படியானால் உள்ளம் நொந்தவர் மருத்துவரிடம் செல்லலாமே என்று கேட்கத் தோன்றும். இங்குதான் இரண்டாவது ஏளனம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சென்னையில் மனநோயாளருக்கான முதல் இல்லம் 1794இல், வாலண்டைன் கோனலி என்னும் மருத்துவரின் பொறுப்பில் தொடங்கிற்று. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு அது. எத்தனையோ குடும்பங்களுக்கு நிழல் தந்த அந்த இடத்தின் பெயரையே நம் மக்கள் வசைச்சொல்லாக்கினர். ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் போதும். வேறு இழிசொல் தேவையில்லை. திரைப்படங்களும் அச்சொல்லைச் சிரிப்புக்கே பயன்படுத்தின. ‘குண்டு’ என்னும் பெயரைச் சுமப்பவர் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் பெயரையும் சேர்த்துச் சுமக்கத் துணிவாரா? ஒரு வெட்கத்துக்கு மருந்து தேடப் போனால் மற்றொரு வெட்கம் வந்து சேரும் என்றிருக்கும்போது, எவரும் வீட்டிலேயே முடங்கிவிடுவர்.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிப்பட்ட துயரமும் உண்டு. மனநோயுற்றோரை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடுவது நெடுநாளைய வழக்கம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, அங்கே தனியார் நடத்திவந்த காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். டமாஸ்கஸில் நூருத்தீன் ஹிஜ்ரி 549இலும் (கி.பி. 1154), கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683இலும் (கி.பி. 1284) பீமாரிஸ்தான்களை வக்ஃபு செய்து, மனநோயாளருக்கும் அங்கே இடம் ஒதுக்கிச் சிகிச்சை அளித்த வரலாற்றைப் பெருமையோடு பேசுகிறவர்கள் நாம். அந்தப் பெருமைக்கும் ஏர்வாடிச் சங்கிலிக்கும் இடைப்பட்ட தூரத்தை எண்ணித் தலைகுனியத்தான் வேண்டும்.

அத்துயருக்குப் பின் உச்ச நீதிமன்றம் தாமாகவே இதனைக் கையிலெடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்தது. மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றும் அறிவித்தது. ஆயினும் உரிமை இருந்தால் மட்டும் கால்கள் நடந்துவிடுவதில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை எட்டாதவராகவே இருந்தனர். தமிழகமும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

கம்பி வழியே வந்த ஆறுதல்

வெட்கம் வாசலை அடைத்தபோது, குரல் வேறு வழி கண்டது. இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் பாதிரியார், தம் பணியின் தொடக்க காலத்தில் ஓர் இளம் சிறுமியின் அடக்கச் சடங்கை நடத்தினார். பெண்மைப் பருவத்தின் இயல்பான மாற்றத்தைத் தீராத நோய் என்று எண்ணி, எவரிடமும் கேட்க வெட்கி உயிர்விட்ட சிறுமி அவள். அந்த நினைவை மறவாத அவர், 1953இல் இலண்டன் தேவாலயம் ஒன்றின் தொலைபேசியைக் கொண்டு, மனமுடைந்தோர் எவரும் அழைத்துப் பேசலாம் என்று அறிவித்தார். அதுவே ‘சமாரிட்டன்ஸ்’ என்னும் அமைப்பாயிற்று. உடலைக் குறித்த வெட்கமே தொலைபேசி ஆறுதலுக்கு வித்தாயிற்று என்பது நம் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி.

1960இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கட்டுக்கடங்காத உண்ணும் பழக்கத்தால் வருந்தியோர் தமக்குள் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். மருத்துவர் இல்லை, கட்டணம் இல்லை. ஒரே துன்பத்தை அனுபவித்தவர்கள் ஒருவர்க்கொருவர் துணை. மனம் தடுமாறும் வேளையில் சக உறுப்பினரைத் தொலைபேசியில் அழைப்பதை அவர்கள் ஒரு சாதனமாகவே வைத்துக்கொண்டனர். இன்று அக்கூட்டங்கள் தொலைபேசியிலும் இணையத்திலும் நடைபெறுகின்றன.

சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவினார். 2013இல் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் வந்தது. 2020 மார்ச்சில், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, தொலைதூர மருத்துவத்துக்கான விதிமுறைகள் நாடு முழுவதற்கும் வெளியிடப்பட்டன. அதனால் மருத்துவர் இணையவழி நோயாளியைக் கண்டு மருந்து எழுதுவது முறைப்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, ‘டெலி மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசி மனநல சேவை தொடங்கிற்று. நிம்ஹான்ஸ் அதன் தலைமையிடம். தமிழகத்தில் அதே ஆண்டு ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் அது தொடங்கப்பட்டது. எண் 14416. 2024 அக்டோபரில் கைபேசிச் செயலியும் காணொளி வழி ஆலோசனையும் சேர்க்கப்பட்டன. 2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துள்ளன.

இது இயங்கும் முறை எளிது. இரவும் பகலும் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையெனக் கண்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். அதற்கும் மேல் வேண்டுமானால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வழிகாட்டுவார். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருப்பது நம் பகுதியாருக்கு ஒரு வசதி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தொழிற்பேட்டையில் உழைப்போரும் தத்தம் தாய்மொழியில் பேச இயல்கிறது. வீட்டைவிட்டுத் தனியே வெளியேறத் தயங்கும் நம் பெண்மக்களுக்கும் இது பெரும் வாய்ப்பன்றோ!

எல்லையும் கடமையும்

இது உடற்பருமனுக்கென்றே ஏற்பட்ட எண்ணன்று, அனைவருக்கும் பொதுவானது. குரல் ஒன்றினால் இரத்தத்தின் சர்க்கரையை அளக்க முடியாது. மூட்டு வலியைத் தொட்டுப் பார்க்க முடியாது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தைராய்டுக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றுக்கு நேரில் சென்று பரிசோதிக்கவே வேண்டும். சில மனநோய் மருந்துகளே எடையைக் கூட்டும். அதையும் மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டுமேயன்றித் தாமாக நிறுத்தலாகாது. இணையத்தில் ‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ என்று பொடி விற்போரும், மெலிந்த படத்தைக் காட்டிப் பருத்தவரை நாணச் செய்வோரும் மலிந்திருக்கின்றனர். ஆறுதல் தேடிச் சென்றவர் அவர்களிடம் அகப்பட்டால் பணமும் போகும், மனமும் உடையும். நல்ல ஆலோசகரை அறிய ஓர் அடையாளம் உண்டு: அவர் முதலில் கேட்பார், பிறகே பேசுவார், எதையும் விற்க மாட்டார்.

இனி, குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அழைப்பவர் நம் வீட்டு அறையிலிருந்துதான் அழைக்கிறார். அவர் பேசும்போது கதவைத் தட்டி ‘யாரிடம் பேசுகிறாய்?’ என்று கேளாதிருப்பது முதல் உதவி. உணவுத் தட்டை உற்று நோக்காதிருப்பது இரண்டாவது. அனைவரும் ஒரே உணவை, ஒரே அளவோடு, ஒன்றாக அமர்ந்து உண்பது மூன்றாவது. ஒருவருக்கு மட்டும் கஞ்சியும் மற்றவர்க்குப் பிரியாணியும் என்பது மருத்துவமாகாது, அது தண்டனை.

அண்ணலார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சியொன்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகளாரோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றார்கள். பின்னாளில் அன்னையாரின் உடல் சதைப்பிடிப்புற்ற காலத்தில் மீண்டும் ஓடியபோது நபிகளார் வென்றார்கள். முன்னர்த் தோற்றதற்கு இது ஈடு என்று கூறினார்கள். உடல் பருத்தது குறித்து ஒரு சொல்லும் அங்கே எழவில்லை. மீண்டும் சேர்ந்து ஓட அழைத்ததே அங்கே நடந்தது. உடற்பயிற்சிக்கு ஒருவரை அழைக்க இதைவிட அழகிய முறையை நாம் வேறெங்கும் காணவில்லை.

நம் மாணவரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அவர் இப்பொழுது திருவள்ளூரில் மருத்துவரை நேரில் கண்டு வருகிறார். இரவு முறையைக் குறைத்துக்கொள்ள ஆலையில் கேட்டிருக்கிறார். எடை எவ்வளவு குறைந்தது என்று நாம் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. அன்று திண்ணையில் அவர் கையைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் கேட்கக் கூடாது, ஹஜ்ரத்” என்று எழுந்துவிட்டார். ஆனால் கேட்கவேண்டியது நம் கடன். ஒருவரையொருவர் பரிகசிக்க வேண்டா, பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டா என்று இறைவன் கட்டளையிடும் ஸூரத்துல் ஹுஜுராத்தை அந்த வகுப்புக்கு ஓதிக் கொடுத்தவர்கள் நாமே. ஓதிக் கொடுத்த அதே நாவினால்தான் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டினோம்.

இப்பொழுது மக்தபில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, ‘உன்னை எந்தப் பெயரால் அழைத்தால் உனக்குப் பிடிக்கும்?’ என்பதுதான். வாசகர்களும் தத்தம் வீட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எப்பெயர்களால் அழைக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. நாவின் தவறுகளை இறைவன் பொறுத்தருள்வானாக!